டப்பாவில் ‘ப்ரோபயாடிக்’ என்று போட்டிருக்கிறதே, வாங்கலாமா? பால் பவுடர் கரைக்கத் தொடங்கும் பெற்றோருக்கு

“அக்கா, மருந்துக் கடையில நிக்கிறேன். டாக்டரம்மா டாப் ஃபீட், அதான் தாய்ப்பாலோட சேர்த்துப் பவுடர் பால், குடுக்கச் சொல்லிட்டாங்க. கடைக்காரர் ரெண்டு டப்பா எடுத்து வச்சிருக்காரு. ஒண்ணுல ப்ரோபயாடிக்னு போட்டிருக்கு, நூத்தம்பது ரூபா கூட. அதைக் குடுத்தா பிள்ளைக்கு வயித்தால போகாது, சளி பிடிக்காதுங்கிறாரு. எதை வாங்க?”

தம்பிக்குப் பெண் பிறந்து அன்றைக்குப் பதினெட்டாவது நாள். “ப்ரோபயாடிக் இல்லாததையே வாங்கு. மிச்சக் காசுக்கு நல்ல ஃபிளாஸ்க் ஒண்ணும், சமையலுக்கு வைக்கிற தெர்மாமீட்டர் ஒண்ணும் வாங்கிட்டு வா” என்றேன். அவனுக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் விளக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு மணி நேரப் பேச்சைத்தான் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. இரண்டு பிள்ளைகளுக்குப் பவுடர் கரைத்தவள். அந்தக் காலத்தில் தூக்கம் வராத இரவுகளில் இதைப் பற்றி நிறையப் படித்தவள். உங்கள் குழந்தையின் மருத்துவர் வேறு சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

படி 1: கடைக்குப் போகும் முன்

பவுடர் உண்மையிலேயே தேவையா என்று ஒருமுறை பாருங்கள். “பால் பத்தலை, பிள்ளை அழுதுகிட்டே இருக்கு” என்று வீட்டில் யாராவது சொன்னதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஐந்து நாள் கழிந்த குழந்தை ஒரு நாளில் ஆறு முறைக்கு மேல் நன்றாகச் சிறுநீர் கழிக்கிறதா, பிறந்தபோது இருந்த எடையை இரண்டு வாரத்துக்குள் திரும்ப எட்டிவிட்டதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் பெரும்பாலும் பால் பற்றுகிறது என்றுதான் பொருள். அழுகைக்கு நூறு காரணம் இருக்கும். குறைமாதக் குழந்தையாக இருந்தால் அரசு மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

தேவை என்று முடிவாகிவிட்டதா? குற்ற உணர்ச்சி வேண்டாம். தாய்ப்பாலை அடியோடு நிறுத்தவும் வேண்டாம். ஒரு நாளில் இரண்டு வேளை தாய்ப்பால் கிடைத்தாலும் தொற்றைத் தடுப்பதில் அதற்கு ஈடாக எந்த டப்பாவும் வராது. ஏன் என்பது அடுத்த படியில்.

படி 2: டப்பாவில் இருக்கும் சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ப்ரோபயாடிக், ப்ரீபயாடிக், எச்எம்ஓ என்று மூன்று சொற்கள் வரும். மூன்றும் ஒன்றல்ல. விலைச் சீட்டு மூன்றுக்கும் ஒரே மாதிரி ஏறுவதால் கடையில் எல்லாமே ஒன்றாகிவிடுகிறது.

ப்ரோபயாடிக் என்பது உயிருள்ள நுண்ணுயிர். ‘உயிருள்ள’ என்ற சொல்லை நினைவில் வையுங்கள், தண்ணீர் சூடு பண்ணும்போது திரும்ப வரும். 2001-ல் உலக சுகாதார நிறுவனமும் ஐநாவின் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அதற்கு இலக்கணம் வகுத்தன: போதிய அளவில் உள்ளே போனால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரி. போதிய அளவில் போக வேண்டும், உயிரோடு போக வேண்டும், நன்மை சோதித்துக் காட்டப்பட்டிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் பாக்டீரியாதான்.

ப்ரீபயாடிக் உயிரல்ல. குடலில் ஏற்கெனவே இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்குப் போடும் தீனி. டப்பாவில் ஜிஓஎஸ், எஃப்ஓஎஸ் என்று எழுதியிருப்பார்கள். எச்எம்ஓ என்பது தாய்ப்பாலில் இருக்கும் அதே வகைத் தீனி. ஆலையில் செய்து சேர்க்கிறார்கள்.

தாய்ப்பாலின் ரகசியம் இந்த எச்எம்ஓவில்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் தாய்ப்பாலில் 5 முதல் 15 கிராம் வரை, இருநூறுக்கும் குறையாத வகைகளில் இருக்கிறது. குழந்தையால் இதைச் செரிக்கவே முடியாது. பின்னே யாருக்காக அம்மா இவ்வளவு மெனக்கெட்டுச் சுரக்கிறாள்? பிஃபிடோபாக்டீரியத்துக்காக. 1899-ல் பாரிஸின் பாஸ்டர் ஆய்வகத்தில் ஹென்றி டிசியே என்பவர் தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலத்தில் கவட்டை போலப் பிளவுபட்ட ஒரு பாக்டீரியாவைக் கண்டார். அதுதான் இது. அது குடலில் கூட்டமாகப் பெருகி அமிலம் சுரந்து, மற்றக் கிருமிகளுக்கு இடம் இல்லாமல் செய்துவிடுகிறது. பசும்பாலில் இந்தத் தீனி கிட்டத்தட்ட இல்லை. பால் பவுடரில் பாக்டீரியாவையோ தீனியையோ வெளியிலிருந்து சேர்க்கும் யோசனை பிறந்தது இதனால்தான். யோசனையில் தப்பில்லை. ஆனால் இருநூறு வகைக்குப் பதிலாகப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வகையைத்தான் சேர்க்க முடிகிறது.

படி 3: தொற்றைத் தடுக்குமா? ஆய்வுகளைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்

கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அவர் சொன்னதற்கு அடியில் உண்மையான ஆய்வுகள் இருக்கின்றன. அவை யாரிடம், எங்கே நடந்தன என்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

1994-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு. நாள்பட்ட நோயால் மருத்துவமனையில் தங்கியிருந்த, 5 முதல் 24 மாதம் வரையான 55 குழந்தைகள். பாதிப் பேருக்குப் பாக்டீரியா சேர்த்த பவுடர், மீதிப் பேருக்குச் சாதாரணப் பவுடர். சாதாரணப் பவுடர் குடித்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. மற்றவர்களில் 7 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. 

அடுத்து, இஸ்ரேலின் பேர்ஷேபா நகரம், 2005. பதினான்கு குழந்தைகள் காப்பகங்களில் 4 முதல் 10 மாதம் வரையான 201 குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்துப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். சாதாரணப் பவுடர் குடித்த குழுவில் குழந்தைக்குச் சராசரியாக 0.31 முறை வயிற்றுப்போக்கு. பிஃபிடோபாக்டீரியம் லாக்டிஸ் பிபி-12 சேர்த்த குழுவில் 0.13. லாக்டோபேசிலஸ் ரியூட்டெரி சேர்த்த குழுவில் 0.02. நூறு குழந்தைகளாகக் கணக்குப் போட்டால் மூன்று மாதத்தில் 31 முறை, 13 முறை, 2 முறை. காய்ச்சலும் 0.41-லிருந்து 0.11 வரை குறைந்தது. பெரிய வித்தியாசம்தான். ஆனால் சளி, இருமல், மூச்சு சம்பந்தப்பட்ட தொற்றுகளில் மூன்று குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. ‘சளி பிடிக்காது’ என்ற பேச்சுக்கு இந்த ஆய்வு கை கொடுக்கவில்லை.

இரண்டிலும் இருந்தது நாலு மாதம் தாண்டிய குழந்தைகள்; பல குழந்தைகள் ஒன்றாகப் புழங்கும் இடங்கள். ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பேதி தொற்றும் சூழல். வீட்டில் அம்மா மடியில் கிடக்கும் பதினெட்டு நாள் குழந்தைக்கு இந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. இரண்டாவது விஷயம், ஒரே ஆய்வில் இரண்டு பாக்டீரியாவும் ஒரே பலன் தரவில்லை. ‘ப்ரோபயாடிக் நல்லது’ என்று சொல்வது ‘மாத்திரை நல்லது’ என்று சொல்வது மாதிரி. எந்த மாத்திரை?

நம் நாட்டில் நடந்ததில் பெரியது ஒடிசா ஆய்வு, 2017-ல் வெளிவந்தது. பினாகி பாணிக்கிரகி தலைமையில், 149 கிராமங்களில், 4556 பச்சிளங்குழந்தைகள். பிறந்த சில நாட்களில் தொடங்கி ஏழு நாள் மட்டும் லாக்டோபேசிலஸ் பிளான்டேரம் என்ற பாக்டீரியாவையும் அதற்கான தீனியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் வரை பார்த்ததில், ரத்தத்தில் கிருமி பரவுவதும் மரணமும் சேர்ந்து 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தன. மூச்சுத் தொற்றும் குறைந்தது. படித்தபோது எனக்குப் புல்லரித்தது. ஆனால் அந்தக் குழந்தைகள் எல்லாம் தாய்ப்பால் குடித்தவர்கள், குறைந்தது இரண்டு கிலோ எடையோடு பிறந்தவர்கள். அந்த பாக்டீரியா பால் பவுடர் டப்பாவுக்குள் இல்லை, தனியாகக் கொடுக்கப்பட்டது. இந்த ஆய்வைக் காட்டிப் பவுடர் விற்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

வந்த பேதியை நிறுத்துமா என்பது வேறு கேள்வி. 2018-ல் அமெரிக்க அவசரப் பிரிவுகளுக்கு வந்த, 3 மாதம் முதல் 4 வயது வரையான சுமார் 970 குழந்தைகளிடம் லாக்டோபேசிலஸ் ஜிஜி என்ற மிகப் பிரபலமான வகையைச் சோதித்தார்கள். பலன் இல்லை.

ஒடிசா ஆய்வுக்கு முன்பே, அதுவரை வந்த ஆய்வுகளை அலசிவிட்டு, ஐரோப்பியக் குழந்தைநலக் குடல் மருத்துவர்களின் சங்கமான எஸ்ப்கான் 2011-ல் சொன்னது இவ்வளவுதான்: ஆரோக்கியமான குழந்தைக்கு ப்ரோபயாடிக் சேர்த்த பவுடரால் கெடுதல் தெரியவில்லை, ஆனால் எல்லாக் குழந்தைக்கும் வழக்கமாகக் கொடுங்கள் என்று பரிந்துரைக்க ஆதாரம் போதவில்லை. என் கருத்தும் அதுதான். ஆறு மாதக் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறீர்கள் என்றால் யோசிக்கலாம். பச்சைக்குழந்தை வீட்டில் இருக்கிறது என்றால் அந்த நூற்றைம்பது ரூபாய்க்கு வேறு நல்ல செலவு இருக்கிறது.

படி 4: இந்தக் குழந்தைகளுக்கு நீங்களாகவே கொடுக்கக் கூடாது

குறைமாதத்தில் பிறந்தவர்கள், எடை மிகக் குறைந்தவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், ரத்தக் குழாயில் டியூப் போட்டிருப்பவர்கள். இவர்களுக்கு மருத்துவர் சொல்லாமல் ப்ரோபயாடிக் எந்த வடிவிலும் வேண்டாம். உயிருள்ள பாக்டீரியா குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் போனால் அதுவே தொற்று. 2023-ல் அமெரிக்காவில் ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையில் பிறந்த ஒரு குழந்தை அப்படி இறந்தது. ரத்தத்தில் இருந்த பாக்டீரியா, கொடுத்த ப்ரோபயாடிக்கில் இருந்ததோடு ஒத்துப்போனது. அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் உடனே மருத்துவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

குறைமாதக் குழந்தைகளின் குடல் அழுகல் நோயைத் தடுக்கச் சில பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ப்ரோபயாடிக் கொடுக்கிறார்கள், உண்மைதான். அங்கே பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. வீட்டில் அதைப் பின்பற்ற வேண்டாம்.

படி 5: கடையில் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. இந்தியச் சட்டப்படி, அதாவது 1992-ல் வந்து 2003-ல் திருத்தப்பட்ட சிசுப் பால் மாற்றுப் பொருள் சட்டப்படி, டப்பாவில் குழந்தை படமோ பெண் படமோ போடக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது, இலவச சாம்பிள் கொடுக்கக் கூடாது. யாராவது உங்களுக்கு இலவச டப்பா நீட்டினால் அது சட்டத்துக்குப் புறம்பானது.

பின்பக்கம்தான் விஷயம். முதலில் 1-ஆம் நிலையா 2-ஆம் நிலையா என்று பாருங்கள்; ஆறு மாதம் வரை 1. பிறகு காலாவதித் தேதி. டப்பா நசுங்கியிருந்தால், மூடி உப்பியிருந்தால் வேண்டாம்.

ப்ரோபயாடிக் டப்பாதான் வேண்டும் என்றால் பாக்டீரியாவின் முழுப்பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இனம், வகை, கடைசியில் ஓர் எண் அல்லது எழுத்துக் குறியீடு. அந்தக் குறியீடுதான் ரேஷன் கார்டு எண் மாதிரி, ஆளை அடையாளம் காட்டுவது. பேர்ஷேபாவில் பலன் தந்த ரியூட்டெரியின் குறியீடு ஏடிசிசி 55730. அதன் உடலில் சில ஆன்டிபயாடிக்குகளை எதிர்க்கும் மரபணுத் துண்டுகள் இருப்பது தெரியவந்து, அவற்றை நீக்கி உருவாக்கியது டிஎஸ்எம் 17938. இன்று சந்தையில் இருப்பது பெரும்பாலும் இந்த வாரிசுதான். குறியீடு இல்லாமல் வெறுமனே ‘லாக்டோபேசிலஸ்’ என்று போட்டிருந்தால் எந்த ஆய்வையும் அந்த டப்பாவோடு சேர்த்துப் பேச முடியாது.

அடுத்து எண்ணிக்கை. சிஎஃப்யூ என்று இருக்கும், உயிரோடு இருக்கும் பாக்டீரியாவின் கணக்கு அது. பத்தின் அடுக்கு 6 என்றால் பத்து லட்சம், 7 என்றால் ஒரு கோடி. அந்த எண்ணிக்கை காலாவதித் தேதி வரைக்குமா, தயாரித்த அன்றைக்கு மட்டுமா என்று பாருங்கள். மே மாதத்து லாரியில் வந்து, தகரக் கூரை போட்ட கிடங்கில் கிடந்த டப்பாவில் எத்தனை மிச்சம் என்று யாருக்குத் தெரியும்?

கடைசியாக, எத்தனை டிகிரித் தண்ணீரில் கரைக்கச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். இதற்காகத்தான் தம்பியிடம் ப்ரோபயாடிக் இல்லாத டப்பாவை வாங்கச் சொன்னேன்.

படி 6: தண்ணீரின் சூடு, உண்மையான சிக்கல்

பால் பவுடர் கிருமியில்லாத பொருள் அல்ல. ஆலையில் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் உலர்ந்த பவுடரில் க்ரோனோபாக்டர் என்ற பாக்டீரியாவோ சால்மொனெல்லாவோ இருக்க வாய்ப்பு உண்டு. க்ரோனோபாக்டர் தொற்று அரிது. ஆனால் இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வந்தால் மூளை உறையில் அழற்சி, ரத்தத்தில் தொற்று என்று உயிருக்கே ஆபத்தாகிவிடும். 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அபாட் நிறுவன ஆலையில் செய்த பவுடரைத் திரும்பப் பெற்றது இந்தக் கிருமியை முன்னிட்டுத்தான். ஆலைக்குள் க்ரோனோபாக்டர் இருந்தது தெரியவந்து, ஆலையை மூடி, அந்த நாடே பவுடர் தட்டுப்பாட்டில் தவித்தது.

இதற்கு உலக சுகாதார நிறுவனம் 2007-ல் ஒரு வழி சொன்னது: கொதிக்க வைத்த தண்ணீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறும் முன் பவுடரைப் போட்டுக் கலக்குங்கள். அந்தச் சூட்டில் பவுடரில் இருக்கும் கெட்ட கிருமி செத்துவிடும்.

கெட்டது சாகும் சூட்டில் நல்லது மட்டும் பிழைக்குமா? ப்ரோபயாடிக்கும் செத்துப்போகும். அதனால்தான் ப்ரோபயாடிக் டப்பாக்கள் பலவற்றில் ‘கொதித்து ஆறிய, வெதுவெதுப்பான தண்ணீர்’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் நல்ல பாக்டீரியா பிழைக்கும். க்ரோனோபாக்டர் இருந்தால் அதுவும் பிழைக்கும். தொற்றைத் தடுக்க என்று வாங்கிய டப்பா, தொற்றைத் தடுக்கும் ஒரே வெந்நீர் வழியைக் கைவிடச் சொல்கிறது. இதை எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள்.

இதை நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்.

குழந்தைக்கு இரண்டு மாதம் முடியவில்லை, அல்லது குறைமாதம், அல்லது எதிர்ப்பு சக்தி குறைவு: ப்ரோபயாடிக் இல்லாத டப்பா, 70 டிகிரித் தண்ணீர். மருத்துவர் ப்ரோபயாடிக் தேவை என்று நினைத்தால் சொட்டு மருந்தாகத் தனியாக எழுதித் தருவார்.

இரண்டு மாதம் தாண்டிய, நிறைமாதத்தில் பிறந்த, ஆரோக்கியமான குழந்தை: ப்ரோபயாடிக் டப்பா வாங்கினால் டப்பாவில் சொன்ன சூட்டிலேயே கரையுங்கள். ஆனால் தண்ணீர் முதலில் நன்றாகக் கொதித்திருக்க வேண்டும், மூடிவைத்து ஆற வேண்டும், கரைத்த உடனே ஊட்ட வேண்டும். ப்ரோபயாடிக் டப்பாவை வாங்கி 70 டிகிரித் தண்ணீரில் கரைத்தால் கெடுதல் ஒன்றும் இல்லை, கூடுதல் காசுதான் வீண்.

படி 7: கரைக்கும் முறை

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சாதாரணமாகத் தோன்றும். ஆனால் கைகழுவும் பழக்கத்தை வளர்த்த இடங்களில் பேதி கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்ததாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இந்த பலன் எந்தக் குறியீட்டு எண்ணையும் நம்பி இருக்கவில்லை. டயப்பர் மாற்றிய கை என்றால் இரண்டு முறை கழுவினாலும் தப்பில்லை.

புட்டி, நிப்பிள், மூடி எல்லாவற்றையும் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் முழுக்க மூழ்கும்படி வைத்துப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். உள்ளே காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. முடிந்தால் புட்டியையே விட்டுவிட்டுப் பாலாடையோ சங்கோ வாங்குங்கள். நிப்பிளின் மடிப்பில் ஒட்டிக்கொள்ளும் பால் ஆடை பாலாடையில் ஒட்டாது. ஒரு பார்வையில் சுத்தம் தெரியும். பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் நர்ஸ்கள் பாலாடையைக் கையில் எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஊட்டப் பழக இரண்டு நாள் ஆகும், கழுத்து வழியாகக் கொஞ்சம் வழியும், அவ்வளவுதான்.

கேன் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ பாட்டில் தண்ணீரோ, எதுவானாலும் கொதிக்க வைக்க வேண்டும். ஒரு லிட்டராவது வையுங்கள். ஒரு டம்ளர் அளவு வைத்தால் மளமளவென்று ஆறிவிடும். கொதித்து இறக்கி மூடிவைத்து அரை மணிக்குள் எடுத்தால் ஒரு லிட்டர் தண்ணீர் 70 டிகிரிக்கு மேல் இருக்கும். முதல் சில நாள் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள், பிறகு கை பழகிவிடும்.

தண்ணீரை முதலில் அளந்து ஊற்றுங்கள், பவுடர் பிறகு. பல டப்பாக்களில் 30 மில்லிக்கு ஒரு மட்டக் கரண்டி. டப்பாவோடு வந்த கரண்டியே வேண்டும், தலைதட்டிப் போட வேண்டும். ‘என்னடி இது, தண்ணி மாதிரி இருக்கு’ என்று இன்னொரு கரண்டி போடும் மாமியாரும் உண்டு, மாதக் கடைசியில் ஒரு கரண்டி குறைக்கும் அப்பாவும் உண்டு. கெட்டியானால் மலச்சிக்கலும் நீரிழப்பும். நீர்த்தால் எடை ஏறாது. இரண்டும் தொற்றுக்குக் கதவைத் திறப்பவை.

மூடிக் குலுக்குங்கள். 70 டிகிரியில் கரைத்த பாலை அப்படியே ஊட்ட முடியாது. ஆற வைக்கப் புட்டியைக் குளிர்ந்த தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்துங்கள், தண்ணீர் மூடிக்குக் கீழே இருக்கட்டும். காபி ஆற்றுகிற மாதிரி இரண்டு டம்ளரில் தூக்கித் தூக்கி ஆற்ற வேண்டாம். இவ்வளவு நேரம் காத்த சுத்தம் ஒரே ஆற்றலில் போய்விடும். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், சூடு தெரியக் கூடாது.

படி 8: மிச்சப் பாலும் ராத்திரி வேளையும்

குழந்தை வாய் வைத்த பால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. வாய் வைக்காததும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. கொட்டுங்கள். கொட்ட மனசு வராது, தெரியும்: ஐந்து கிலோ குழந்தைக்குப் பவுடர் மட்டுமே என்றால் 400 கிராம் டப்பா நாலு நாளில் காலி. ஆனால் மிச்சப் பாலைச் சுட வைத்துக் கொடுப்பது போல ஆபத்து வேறில்லை.

ஃபிளாஸ்க் வாங்கச் சொன்னது ராத்திரிக்காக. அதில் கரைத்த பாலை ஊற்றி வைப்பதற்கு அல்ல. பலர் அப்படிச் செய்கிறார்கள், வெதுவெதுப்பான பால் பாக்டீரியாவுக்குத் தொட்டில். ஃபிளாஸ்கில் கொதிக்கும் தண்ணீர் மட்டும். நல்ல ஃபிளாஸ்கானால் பல மணி நேரம் 70 டிகிரிக்குக் கீழே இறங்காது. தெர்மாமீட்டரை விட்டு ஒரு நாள் சோதித்துக்கொள்ளுங்கள். பவுடரை அளந்து உலர்ந்த சின்ன டப்பாக்களில் வைத்துவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் கரண்டிக் கணக்கு தப்பாது.

பவுடர் டப்பா ஃபிரிட்ஜில் வேண்டாம், ஈரம் கோத்துக்கொள்ளும். அடுப்புப் பக்கமும் வேண்டாம். திறந்த தேதியை மூடியில் எழுதி, டப்பாவில் சொன்ன வாரத்துக்குள் முடியுங்கள்.

படி 9: சொட்டு, தயிர், உரை மருந்து

பவுடர் மாற்றிய முதல் வாரம் மலம் கொஞ்சம் மாறும், காற்றுப் பிரியும். அதற்காக மூன்று நாளுக்கு ஒரு டப்பா மாற்றாதீர்கள். ஓயாத வயிற்று வலி அழுகைக்கு ரியூட்டெரி சொட்டு எழுதித் தருவது வழக்கம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளில் அது அழுகையைக் குறைப்பதாகத் தெரிகிறது. பவுடர் குடிக்கும் குழந்தைகளில் அந்தப் பலன் உறுதியாகவில்லை.

‘தயிரும் அதுதானே, ஒரு சொட்டு நாக்கில் தடவு’ என்பாள் பாட்டி. ஆறு மாதம் முடியட்டும், திட உணவோடு வீட்டில் உறை ஊற்றிய தயிர் தாராளமாகக் கொடுக்கலாம். அதற்கு முன் வேண்டாம். சேனை தொடுவது, தேன் நக்கக் கொடுப்பது, உரை மருந்து, தெருவில் வரும் கழுதைப் பால், எல்லாவற்றையும் அன்போடு தள்ளிவிடுங்கள். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை குழந்தையின் குடலில் முளைத்து உடலைத் தளரச் செய்யும் நஞ்சைச் சுரக்கும்.

படி 10: தடுப்பூசி

ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக ரோட்டா வைரஸ் சொட்டு போடுகிறார்கள். கடும் பேதிக்கு முக்கியக் காரணம் அந்த வைரஸ்தான். இந்தியாவிலேயே உருவான ரோட்டா தடுப்பு மருந்தைப் பெரிய அளவில் சோதித்த மூன்று ஊர்களில் நம் வேலூரும் ஒன்று. அதே நாட்களில் போடும் ஐந்து நோய்க்கான ஊசியும், நிமோனியாவுக்கான ஊசியும் தவறக் கூடாது. நிமோனியா போன்ற நெஞ்சுத் தொற்றுக்கு டப்பாவிடம் பதில் இல்லை, இங்கே இருக்கிறது.

படி 11: பேதியோ காய்ச்சலோ வந்துவிட்டால்

பாலை நிறுத்தாதீர்கள், பவுடரை நீர்க்கக் கரைக்காதீர்கள். இரண்டு மாதம் தாண்டிய குழந்தைக்கு ஓஆர்எஸ் கரைசலும், பதினான்கு நாள் துத்தநாகமும் கொடுப்பார்கள்: ஆறு மாதம் வரை தினம் 10 மில்லிகிராம், அதன் பிறகு 20. மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். ப்ரோபயாடிக் சாஷே எழுதிக் கொடுத்தாலும் ஓஆர்எஸ்ஸை விட்டுவிட்டு அதை நம்ப வேண்டாம்.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பேதி என்றால் வீட்டு வைத்தியமே கிடையாது, நேராக மருத்துவமனை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட், காய்ச்சல் இருந்தாலும் அப்படியே. எந்த வயதானாலும் பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, உடல் சில்லிடுவது, வலிப்பு, உச்சிக்குழி உப்புவது அல்லது பள்ளமாவது, மலத்தில் ரத்தம், பச்சை வாந்தி, நெஞ்சுக்கூடு உள்ளிழுக்க மூச்சு வாங்குவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கிளம்பும்போது பவுடர் டப்பாவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பவுடர், எத்தனை கரண்டி, எந்தத் தண்ணீர் என்று அங்கே கேட்பார்கள். தொகுப்பு எண்ணும் அதன் அடியில்தான் அச்சாகியிருக்கும்.